ஆறு மில்லிமீட்டர்

ஆஸ்திரியாவில் சால்சாக் ஆற்றின் கரையில் ஓபர்ன்டோர்ஃப் என்றொரு சிற்றூர். 1818 டிசம்பர் 24 இரவு, அவ்வூர்ப் புனித நிக்கோலா ஆலயத்தில் உதவிக் குருவாக இருந்த யோசஃப் மோரும், பக்கத்து ஆர்ன்ஸ்டோர்ஃபில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு இந்த ஆலயத்தில் ஆர்கன் வாசித்துவந்த ஃப்ரான்ஸ் சேவர் குரூபரும் சேர்ந்து ஒரு புதுப் பாட்டைப் பாடினார்கள். வரிகள் மோருடையவை, மெட்டு குரூபருடையது. பக்கவாத்தியம் ஒரு கிதார். 'சைலண்ட் நைட்' என்று உலகம் அறிந்திருக்கும் அந்தப் பாட்டு இன்று நம் ஊர்த் தேவாலயங்களிலும் கிறிஸ்துமஸ் இரவில் தமிழில் ஒலிக்கிறது.

ஆர்கன் இருக்கும் ஆலயத்தில் கிதார் எதற்கு? இந்தக் கேள்விக்கு ஒரு கதை பதிலாகச் சொல்லப்பட்டுவருகிறது. ஆர்கனின் துருத்தித் தோலை எலி கடித்துவிட்டதாம். பண்டிகையும் அதுவுமாக ஆர்கன் ஊமையாகிவிட்டதாம். வேறு வழியில்லாமல் அவசர அவசரமாக ஒரு பாட்டை எழுதிக் கிதாரோடு பாடினார்களாம். ஆனால் 1854இல் இந்தப் பாட்டு பிறந்த விதத்தைக் குரூபர் தம் கைப்பட எழுதிவைத்தபோது எலியைப் பற்றியோ பழுதான ஆர்கனைப் பற்றியோ ஒரு சொல்கூட எழுதவில்லை. 1995இல் கிடைத்த மோரின் கைப்பிரதி, பாட்டின் வரிகள் 1816இலேயே எழுதப்பட்டுவிட்டன என்று காட்டுகிறது. அவசரமும் இல்லை, எலியும் இல்லை.

இந்தக் கதை எனக்குப் பிடிப்பதில்லை. கிதாரை விரும்பி எடுத்த இரண்டு பேரின் முடிவை அது ஒரு விபத்தாக்கிவிடுகிறது. அதைவிட, எலி கடித்தாலும் ஏதோ நல்லது விளையும் என்ற நினைப்பை அது வளர்க்கிறது. ஓபர்ன்டோர்ஃப் ஆர்கன் பழுதுபார்க்க வேண்டிய நிலையில் இருந்தது என்னவோ உண்மை. சில்லர்டால் பள்ளத்தாக்கிலிருந்து கார்ல் மௌராகர் என்ற ஆர்கன் கட்டுபவர் அந்த வேலையாக அங்கே வந்தார். வந்த இடத்தில் கிடைத்த பாட்டைத் தம் ஊருக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ரைனர், ஸ்ட்ராசர் என்ற பாடகர் குடும்பங்கள் அதை ஊர் ஊராகப் பாடிப் பரப்பின. 1825இல் அதே மௌராகர் அந்த ஆலயத்துக்குப் புதிய ஆர்கன் ஒன்றும் கட்டிக்கொடுத்தார். பாட்டு உலகத்துக்கு வந்த பெருமையில் பங்கு கேட்க உரிமையுள்ளவர், பழுதுபார்க்க வந்த அந்த மனிதர். கதை அவரை விட்டுவிட்டு எலிக்கு மாலை போடுகிறது.

வாத்தியம் பழுதுபார்ப்பவர்கள் யாரும் எலிக்கு மாலை போட மாட்டார்கள். கும்பகோணம் பக்கம் ஆர்மோனியம் சரிசெய்யும் ஒருவரின் பட்டறையில் உட்கார்ந்து அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருநாள் பஜனை மடம் ஒன்றின் பெட்டி வந்திருந்தது. மார்கழியில் வீதி பஜனைக்கு வெளியே வந்து, தை பிறந்ததும் அலமாரிக்குள் போய்விடும் பெட்டி. துருத்தி போட்டால் காற்று நிற்கவில்லை, சில கட்டைகள் பேசவில்லை என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் மூக்கை மறைத்து ஒரு துண்டைக் கட்டிக்கொண்டார். மேல்பலகையின் திருகாணிகளைக் கழற்றினார், கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை மாறாமல் அடுக்கினார், ரீடு பலகையைத் தூக்கினார். அடியில், காற்று தேங்கி நிற்க வேண்டிய அறையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கூடு.

பாட்டுப் புத்தகத் தாள்களை நூல் நூலாகக் கிழித்திருந்தது எலி. அதோடு வேட்டிக்கரை நூல், தேங்காய் நார், பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருந்த கம்பளித் துணியின் பிசிறுகள். எல்லாவற்றையும் வட்டமாகச் சுற்றி நடுவில் குழித்து, குஞ்சுகளுக்கு இதமான மெத்தை ஆக்கியிருந்தது. அந்த நேர்த்தியைப் பார்த்து ஒரு கணம் வாயடைத்துத்தான் போனேன். அடுத்த கணம் நெடி மூக்கில் ஏறியது. துருத்திப் பலகையில் காற்று நுழையும் துளைகளை உள்பக்கம் மூடித் திறக்கும் மெல்லிய தோல் மடல்கள் இருக்க வேண்டிய இடத்தில் பல் தடம் பதிந்த ஓரங்கள் மட்டும் மிச்சமிருந்தன. மடல் இல்லாவிட்டால் உள்ளே போன காற்று வந்த வழியே திரும்பிவிடும்; எத்தனை முறை துருத்தி போட்டாலும் பெட்டி பேசாது. பித்தளை ரீடுகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

அந்தக் களிம்பைத்தான் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரீடு என்பது ஒரு பக்கம் பொருத்தப்பட்டு மறுபக்கம் காற்றில் அதிரும் மெல்லிய பித்தளை நாக்கு. நுனியில் எடை கூடினால் அதிர்வு மந்தமாகும், சுருதி இறங்கும். அதனால் சுருதி சேர்ப்பவர் நுனியை லேசாகச் சுரண்டிச் சுருதியை ஏற்றுவார். அடிப்பக்கம் சுரண்டி இறக்குவார். எலி மூத்திரம் பட்ட ரீட்டில் இந்தக் கணக்கு நிலைப்பதில்லை. அரிப்பு உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். "இன்னிக்குச் சேத்து வைப்பேன், அடுத்த மாசம் தானா இறங்கி நிக்கும் தம்பி," என்றார். பாழாய்ப்போன எலி என்று நான் ஏதோ முணுமுணுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எலியக் குத்தம் சொல்லி என்ன பண்றது? அது பொழைக்கிற பொழப்பு அது. வாசிக்கிற பொட்டியில எலி குடி இருக்குமா? பதினோரு மாசம் பூட்டி வச்சது யாரு?"

அவர் சொன்னதில் உயிரியல் கணக்கு ஒன்று இருக்கிறது. சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 20 நாள். பிறந்த குட்டிகள் கண் திறந்து, பால் மறந்து, தானாக வெளியே போக இன்னொரு மூன்று வாரம். அதாவது, கூடு கட்டும் எலிக்கு ஒன்றரை மாதம் கலைக்கப்படாத ஓர் இருட்டு வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து வாசிக்கப்படும் பெட்டி அந்த அவகாசத்தைத் தருவதில்லை. வெறும் சத்தத்துக்கு எலி அஞ்சாது. ரயில் நிலையத்திலும் அரிசி ஆலையிலும் வாழப் பழகிய பிராணி அது. அதற்கு ஆகாதது கை படுவதுதான். தூக்கி வைப்பது, மூடியைத் திறப்பது, துணியால் துடைப்பது, வெளிச்சம் உள்ளே விழுவது. மனிதக் கை பட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் அது குட்டி போடாது.

ஆனால் நாள்தோறும் வாசிப்பவர் வீட்டிலும் எலி வாத்தியத்தைத் தேடி வருகிறது. மிருதங்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பலா மரத்தில் குடைந்த கட்டை. மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோலில் அறுத்த வார். வலப்பக்கத் தலையான வலந்தலையின் நடுவில் இருக்கும் கருப்பு, இரும்புச் சத்துள்ள கல்லின் பொடியையும் சோற்றையும் சேர்த்து அரைத்து, பூச்சின் மேல் பூச்சாக வைத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து இறுக்கியது. இடப்பக்கத் தலையான தொப்பியிலோ, கச்சேரிக்குச் சற்று முன்னால் தண்ணீர் விட்டுப் பிசைந்த ரவையை அப்புகிறார்கள். தொப்பியின் ஆழமும் கும்கி என்ற அதன் கனத்த ஒலியும் அந்த ரவையின் எடையிலிருந்து வருகின்றன. கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்து ஈரத் துணியால் ஒற்றிவிட வேண்டும். நள்ளிரவில் வீடு திரும்பிய களைப்பில் அப்படியே உறை போட்டுச் சாத்திவிட்டுப் படுத்தால், ரவை புளிக்கும். எறும்பும் கரப்பானும் முதலில் வரும், எலி பின்னால் வரும். ரவையைத் தின்னும் எலிக்கு எங்கே ரவை முடிகிறது, எங்கே தோல் தொடங்குகிறது என்ற பேதம் கிடையாது.

தவில்காரர் வலக்கை விரல்களில் மாட்டிக்கொள்ளும் கூடுகள் துணியும் மாவுப்பசையும் கொண்டு ஆனவை. வீணையின் 24 மெட்டுகளும் நிற்பது தேன்மெழுகிலும் கரியிலும் ஆன மெழுகின் மேல். பியானோவின் சுத்தியல்கள் கம்பளி. தேவாலய ஆர்கனின் துருத்திகள் ஆட்டுத் தோல். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும் பழைய பசை, தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம். எலி இசையைக் கடிப்பதில்லை. அது வயலிலும் களத்திலும் தேடும் தானியமும் கொழுப்பும் நாரும்தான் இங்கே சுருதி சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்த வச்சிரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாத்தியம் செய்பவர்கள் அதை விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். ஒட்டிய பலகையை நோகாமல் பிரித்து, உள்ளே வேலை பார்த்து, மறுபடியும் ஒட்டலாம். வயலினின் மேல்பலகையைப் பிரிக்க முடிவது இதனால்தான். எலி சீண்டாத செயற்கைப் பசைகள் உண்டு. அவற்றால் ஒட்டினால் பிரிக்கும்போது மரம் பிளக்கும். எதிர்காலத்தில் யாரோ ஒருவர் திறந்து சரிசெய்ய வேண்டியிருக்கும் என்ற நம்பிக்கையில் பூசப்பட்ட பசையை எலி தின்கிறது. தோலும் அப்படியே. செயற்கை இழை பொருத்திய மிருதங்கங்கள் வந்திருக்கின்றன. வெளிநாட்டுப் பயணத்துக்கும் மழைக்காலத்துக்கும் சிலருக்கு அவை உதவுகின்றன. ஆனால் கச்சேரி மேடையில் தோலின் இடத்தை அவை இன்னும் பிடிக்கவில்லை. எந்தப் பொருளால் நாதம் வருகிறதோ அந்தப் பொருளால்தான் ஆபத்தும் வருகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க முடியாது.

அப்படியானால் முழுக்க மூடிவைத்துவிட்டால் என்ன? அதுவும் நடக்காது. வீணையின் மேல்பலகையில் துளைகள் வேண்டும். ஆர்மோனியம் காற்றை உள்ளே இழுத்தாக வேண்டும். பியானோவின் பெடல் மேலும் கீழும் அசைய அடிப்பலகையில் சந்து வேண்டும். பியானோவுக்குள் குடும்பம் நடத்திய பல எலிகள் அந்தச் சந்து வழியாகப் போனவைதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் காலால் மிதிக்கும் ரீடு ஆர்கன்கள் வீட்டுக்கு வீடு விற்றபோது இந்தத் தொல்லை அவ்வளவு பரவலாக இருந்தது. 1880களில் மிதிபலகையைச் சுற்றியிருந்த இடைவெளியை உலோகத்தால் மறைத்து, அதற்குக் காப்புரிமை வாங்கி, எலி புகாத பெடல் என்று மிதிபலகையிலேயே பொறித்து விற்றார்கள். நாதத்தைச் சொல்லி விற்க வேண்டிய பொருளை எலி வராது என்று சொல்லி விற்றார்கள் என்றால், வாங்கிய குடும்பங்கள் என்ன பாடு பட்டிருக்கும்!

எல்லாம் அந்த இடைவெளியின் அளவில் இருக்கிறது. சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் சந்து போதும் என்பது கட்டடங்களில் எலியைத் தடுப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு பென்சில் நுழைகிற சந்தென்றால் சுண்டெலியும் நுழையும். பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர் அளவு. மண்டையோடு நுழைந்துவிட்டால் மற்ற உடலை ஒடுக்கி இழுத்துக்கொள்ளும். சந்து போதாவிட்டால் பெரிதாக்கிக்கொள்ளும். அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்கின்றன. பல்லின் முன்பக்கம் மட்டும் கெட்டியான எனாமல், பின்பக்கம் மென்மையானது. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் தேய்ந்து முன்பக்கம் உளியாகத் தீட்டப்படுகிறது. மரம், பிளாஸ்டிக், ரப்பர், சந்தடைக்கப் பீய்ச்சும் நுரை, ஈயம் எதுவும் அதற்குத் தடையில்லை. ஆர்கன் குழாய்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்மையான உலோகம் என்பதால் அவற்றின் அடியையும் கடித்திருக்கிறது. எஃகும் சிமெண்டும் கண்ணாடியும் மட்டுமே அதை நிறுத்தும். நம் ஊரில் எலிப் பொந்தில் கண்ணாடிச் சில்லுகளைத் திணித்து மேலே சிமெண்டு பூசும் பழக்கம் இந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான்.

எலியைக் கொல்வதைப் பற்றி மனிதர்கள் யோசித்த அளவுக்கு, அதன் பாதையை மறிப்பதைப் பற்றியும் உலகெங்கும் யோசித்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது யோசனையின் மேல் எனக்குத் தீராத மரியாதை. இங்கிலாந்தில் தானியக் கிடங்குகளைக் காளான் வடிவக் கற்களின் மேல் நிறுத்தினார்கள். தண்டில் ஏறிய எலி குடையின் அடியில் தலைகீழாக நடக்க முடியாமல் நின்றுவிடும். ஜப்பானில் பண்டைய யாயோய் காலத்துக் களஞ்சியங்களைத் தூண்களின் மேல் உயர்த்தி, தூணும் தளமும் சேரும் இடத்தில் அகலமான பலகை வைத்தார்கள். துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் வடத்தில் வட்டத் தகடு மாட்டுகிறார்கள். நம் தோப்புகளில் தென்னை மரத்தைச் சுற்றித் தகரம் அடித்திருப்பதைப் பார்க்காதவர் யார்? பழைய வீடுகளில் பாலும் தயிரும் உறியில் தொங்கின. எங்கும் ஒரே அறிவு. எலி ஓரத்தைப் பிடித்து நடக்கும், மீசையும் விலாவும் சுவரை உரசிக்கொண்டே போகும். அதற்குப் பழகிய பாதையை ஒரு சாண் அளவுக்கு அறுத்துவிட்டால் போதும்.

வாத்தியம் இருக்கும் அறைக்கும் இதே அறிவு செல்லும். சுவரோரமாக, தரையோடு தரையாக வைக்கப்பட்ட பெட்டி எலியின் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அதைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, காலுள்ள மேசையில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள சந்துக்குத் தகடு. ஜலதாரை வாயிலும் ஜன்னலின் கீழும் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள கம்பி வலை. காற்று வர வேண்டும், எலி வரக் கூடாது. ஏசி குழாய்க்காகச் சுவரில் போட்ட ஓட்டையைச் சுற்றி விட்டுப்போன இடைவெளி புதுக் கட்டடங்களில் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாத வாசல். எங்கே வருகிறது என்று தெரியாவிட்டால் இரவில் சுவரோரம் கோலமாவைத் தூவிவைத்தால் காலையில் தடம் சொல்லிவிடும். பழகிய பாதையில் சுவரில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறையும் இருக்கும். புழுக்கை கருத்து மென்மையாக இருந்தால் புதிது, வெளுத்து உதிர்ந்தால் பழையது. அதைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல், கையுறை போட்டு, கிருமிநாசினி நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நாம் எலிக்காய்ச்சல் என்று சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் அதன் மூத்திரத்தின் வழியாகப் பரவுவது.

பூனை? இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பேராலயத்தின் கணக்கேடுகளில் 1305 முதல் 1467 வரை பூனைக்காக வாரம் ஒரு பென்னி செலவு எழுதப்பட்டிருக்கிறது. அங்குள்ள வானியல் கடிகாரத்தின் கயிறுகளுக்கு விலங்குக் கொழுப்பு தடவியிருந்ததால் எலிகள் ஏறின. கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் பூனை போய்வர 1598இல் வட்டமாக ஓர் ஓட்டை வெட்டினார்கள். அந்தக் கதவு இன்றும் இருக்கிறது. ரஷ்யப் பேரரசி எலிசபெத் 1745இல் ஆணையிட்டுக் குளிர்கால அரண்மனைக்குப் பூனைகளை வரவழைத்தார். ஹெர்மிடாஜ் அருங்காட்சியகமாக இருக்கும் இன்றைய குளிர்கால அரண்மனையில் இப்போதும் பூனைகள் உண்டு, ஆனால் நிலவறையில். ஓவியக் கூடங்களில் அல்ல. அந்த ஏற்பாடு சரியானது. பூனை கட்டடத்துக்குக் காவல், வாத்திய அறைக்கு அல்ல. தொப்பித் தோலில் நகம் தீட்டும் பூனையை எந்த மிருதங்கக்காரரும் மன்னிக்க மாட்டார். மேலும், சுவருக்குள் ஓடும் சுண்டெலியைப் பூனையால் எட்ட முடியாது.

நஞ்சு வைப்பதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். ரத்தம் உறையாமல் செய்யும் நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் கழித்து, தனக்குத் தெரிந்த மிக மறைவான இடத்தில் போய்ச் சாகிறது. அந்த மறைவான இடம் பல நேரம் வாத்தியம்தான். செத்த எலியின் தோலையும் மயிரையும் தின்ன ஒரு வகை வண்டு வரும். அதன் புழுக்கள் எலியை முடித்துவிட்டுக் கம்பளியையும் தோலையும் தின்னத் தொடங்கும். ஓர் எலியை ஒழித்து, அதைவிடச் சிறிய நூறு வாய்களை உள்ளே விட்டதாகிவிடும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை எத்தனை மனிதரின் கல்லீரலை எரித்துக் கொன்றிருக்கிறது என்பதை நம் அரசு மருத்துவமனைகள் அறியும். தமிழக அரசு அதைத் தடை செய்ய வேண்டிவந்தது. பிள்ளைகள் பாட்டு கற்க வந்து உட்காரும் அறையில் அப்படி ஒன்றை வைப்பது எந்த நியாயத்திலும் சேராது.

நஞ்சுக்கு இன்னொரு பலி கூகை. நம் கோயில் கோபுரப் பொந்துகளில் குடியிருந்து இரவெல்லாம் வயல் எலிகளைத் தூக்கிச் செல்லும் பறவை அது. நஞ்சு தின்று தள்ளாடும் எலியை அது எளிதாகப் பிடித்துத் தின்கிறது, தானும் சாகிறது. திருப்பணியின்போது கோபுரத்தின் எல்லாப் பொந்துகளிலும் வலை அடித்துவிடுகிறவர்கள் புறாவோடு கூகையையும் துரத்திவிடுகிறார்கள். கீழே வாகன மண்டபத்திலும் மேளம் வைக்கும் அறையிலும் உள்ள சந்துகள் அப்படியே திறந்திருக்கின்றன. அடைக்க வேண்டியது கீழே, விட்டுவைக்க வேண்டியது மேலே. மூஞ்சூறையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். கூர்மூக்கோடு சுவரோரம் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடும் அது எலி இனமே அல்ல. கொறிக்கும் பல் அதற்கு இல்லை. பூச்சியும் கரப்பானும்தான் அதன் உணவு. வீட்டில் மூஞ்சூறு ஓடினால் மிருதங்கத்துக்கு நல்ல காலம். அதை எலி என்று நினைத்து அடித்துக் கொல்பவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது.

நஞ்சில்லாமல் எலி பிடிக்கும் திறமையும் நம்மிடம் இருந்தது. காவிரிப் படுகையில் மூங்கிலை வளைத்துச் செய்யும் தஞ்சாவூர் கிட்டியும், வளையைப் பார்த்த மாத்திரத்தில் எலி உள்ளே இருக்கிறதா என்று சொல்லிவிடும் இருளர்களின் கண்ணும் வயலுக்கு உரியவை. வீட்டுக்குள் பொறி வைப்பதென்றால், சுவருக்குச் செங்குத்தாக, எலி ஓடும் பாதையில் வைக்க வேண்டும். வாத்தியத்துக்கு உள்ளே ஒருபோதும் வைக்கக் கூடாது. பொறிக்கு வைத்த தேங்காய்ச் சில்லே எலியை அங்கே அழைத்துவிடும். பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட எலி பட்டினியும் பயமுமாகச் சாகப் பல மணி நேரம் ஆகும். அந்தக் கொடுமையை நம் வீட்டில் நடத்த வேண்டியதில்லை.

இதையெல்லாம் செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு நம் அமைப்புகளில் பதில் இல்லை. ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் இருக்கிறார், பாடற்குழு இருக்கிறது. ஆர்கனின் பின்பக்கப் பலகையை மாதம் ஒருமுறை திறந்து பார்க்க ஒருவர் இல்லை. சபாக்களில் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாளர் உண்டு, சபாவின் தம்புராவுக்குக் கிடையாது. மிருதங்கத்துக்கு வாரும் தோலும் கட்டும் குடும்பங்களைப் பற்றி பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகம் எழுதிய பிறகுதான் அவர்களின் பெயர்களே பலருக்குத் தெரியவந்தன. தோலோடு வாழ்கிறவர்களுக்குத் தோலுக்கு எது பகை, எந்த மாதத்தில் பகை என்று தெரியும். அவர்களிடம் கேட்கிற வழக்கம் நமக்கு வரவில்லை. கும்பாபிஷேகத்துக்கு வண்ணம் பூசவும் மணிமண்டபத்துக்குப் பளிங்கு பதிக்கவும் நன்கொடை திரட்டுகிறோம். மேளம் வைக்கும் அறையின் கதவுக்கு ஒரு தகடும் ஜலதாரைக்கு ஒரு முழம் கம்பி வலையும் எந்த மதிப்பீட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆகும் செலவு ஒரு மாலையின் விலைகூட இராது.

டெல்டா மாவட்டங்களில் இதற்கு ஒரு குறிப்பான காலமும் இருக்கிறது. சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் நடக்கிறது. அதுவரை நெற்பயிரின் மறைவிலும் வரப்பு வளைகளிலும் தின்று கொழுத்த எலிகளுக்கு ஒரு வாரத்தில் கூரையும் சோறும் போய்விடுகின்றன. அவை ஊரை நோக்கி வருகின்றன. அதே நாட்களில்தான் மார்கழி பஜனை முடிந்து ஆர்மோனியமும் மிருதங்கமும் ஜால்ராவும் அலமாரிக்குத் திரும்புகின்றன. எலி வீடு தேடி அலையும் வாரத்தில் நாம் வாத்தியத்தைப் பூட்டிவிட்டுப் போகிறோம்.

அந்தப் பட்டறைக்காரர் மடத்துப் பெட்டிக்குப் புதுத் தோல் மடல்கள் வைத்தார். கம்பளியை மாற்றினார். அரித்துப்போன ரீடுகளில் சிலவற்றைக் கழித்துவிட்டுப் புதிது போட்டார். பெட்டியை எடுக்க வந்தவர்களிடம், அலமாரியின் பின்பலகையில் இருக்கும் ஓட்டைக்குத் தகரம் அடித்த பிறகு சொல்லுங்கள், அதுவரை பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவர்களுக்குக் கோபம்தான். காசு வாங்கியாயிற்று, பெட்டியைக் கொடுக்க வேண்டியதுதானே என்றார்கள். அவர் அசையவில்லை. மறுவாரம் தகரம் அடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது பெட்டியைக் கொடுத்தனுப்பினார். கூடவே, அலமாரிச் சாவியை அந்தத் தெருவில் பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டில் கொடுத்துவைக்கும்படியும், மாசி முடியும்வரையாவது வாரத்தில் ஒருநாள் பெட்டியைத் திறந்து ஸ்வரவரிசை வாசிக்கச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்.